ஜெட் ஸ்கியில் கரன்ட் கோளாறு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகள் பலவற்றில், எழுதுவதற்கு முன்பே ஏதோ ஒரு பாகம் மாற்றப்பட்டிருக்கிறது. பேட்டரி மாற்றியாயிற்று, ரிலே (ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) மாற்றியாயிற்று, கோளாறு மட்டும் அப்படியே. உப்புத் தண்ணீரில் ஓடும் வண்டியில் பாகங்களைவிட இணைப்புகளே முதலில் கெடுகின்றன. சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும், எந்த இணைப்பு என்று கண்டுபிடித்துவிடலாம்.

மீட்டரைத் தொடும் முன் சீட்டைக் கழற்றி, குறைந்தது ஐந்து நிமிடம் காற்றாட விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தங்கிவிடும். பெட்ரோல் வாசனை வந்தால் அன்று மின்வேலை வேண்டாம். முதலில் கசிவைப் பாருங்கள்.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் 'டக்' என்று ஒரே சத்தம், செல்ஃப் எடுக்கவில்லை. புது பேட்டரி போட்டும் அதே கதை.

கடையிலிருந்து வரும் புது பேட்டரி முழு சார்ஜில் இருக்கும் என்று நம்பாதீர்கள். ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறைந்தால், 20 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 2 ஆம்பியர் என்ற அளவில் மெதுவாக முழு சார்ஜ் ஏற்றுங்கள். சோதனை அதன் பிறகுதான்.

ஒருவர் பட்டனை இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க, மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். மீட்டர் 20 வோல்ட் டிசி நிலையில் இருக்கட்டும். முதலில் எர்த் பக்கம்: ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழ் மீதே வையுங்கள், அதன் மேல் மாட்டியிருக்கும் வளையத்தில் அல்ல. வளையத்தில் வைத்தால் குமிழுக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள கோளாறு தெரியாமலே போய்விடும். மறுமுனை என்ஜின் பிளாக்கின் பெயின்ட் இல்லாத இடத்தில். பட்டன் அழுத்தும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள்தான் பிரச்சினை. அடுத்து பேட்டரி பாசிட்டிவ் குமிழிலிருந்து ஸ்டார்ட்டர் போல்ட் வரை: 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. கடைசியாக ரிலேயின் இரண்டு தடித்த போல்ட்டுகளுக்கு இடையே: சும்மா இருக்கும்போது பேட்டரி வோல்ட் முழுவதும் காட்டும், அழுத்தியதும் 0.3-க்குக் கீழே விழ வேண்டும். 'டக்' சத்தம் கேட்டும் 12 வோல்ட்டிலேயே நின்றால் ரிலேயின் உள் முனைகள் கருகிவிட்டன. ரிலேயை மாற்றுங்கள்.

இவ்வளவு சிறிய எண்களைப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது, இணைப்பில் ஓம்மில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். வெறும் கண்ணுக்கு அந்த இணைப்பு நன்றாகத்தான் தெரியும். கேபிளின் முனைக்குப் பக்கத்தில் ரப்பர் உறையை ஒரு சென்டிமீட்டர் கீறிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்தோ பச்சைக் களிம்பு பிடித்தோ இருந்தால் முனையை மட்டும் வெட்டி மாற்றுவதில் பயனில்லை. களிம்பு ஒயருக்குள் நெடுந்தூரம் ஏறியிருக்கும். வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிளாக வாங்கி முழுவதையும் மாற்றுங்கள்.

எல்லா இணைப்பும் சரி, ஸ்டார்ட்டரில் 10 வோல்ட்டுக்கு மேல் வருகிறது, ஆனாலும் சுற்றவில்லை என்றால் கோளாறு ஸ்டார்ட்டரில். நல்ல பேட்டரியே 7 வோல்ட் அளவுக்குச் சரிந்தால் என்ஜின் இறுகியிருக்கலாம். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றாலும் இப்படித்தான் ஆகும். அந்த நிலையில் மறுபடி மறுபடி பட்டனை அழுத்தினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்த பிறகே அடுத்த முயற்சி.

சீ-டூ வண்டி. ஓட்டுபவரோடு பிணைக்கும் சாவிக் கயிற்றை மாட்டினால் நீளமாக ஒரே ஒரு பீப், ஸ்டார்ட் ஆகவில்லை.

இரண்டு குட்டி பீப் வந்தால் சாவியை வண்டி அடையாளம் கண்டுகொண்டது என்று பொருள். நீளமான ஒற்றை பீப் என்றால் தொடர்பு சரியில்லை. கயிற்றின் நுனியிலுள்ள சாவித் தொப்பிக்குள் உப்போ மணலோ இருக்கும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, தொப்பி உட்காரும் குமிழையும் துடைத்து மறுபடி மாட்டுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பதிவு செய்த மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். யமஹாவில் கயிற்றில் இப்படி அடையாளச் சில்லு (சிப்) இல்லை, ஸ்டாப் பட்டனுக்கு அடியில் கிளிப்பைச் செருகுவார்கள். உப்பு ஏறி அந்தப் பட்டன் ஒட்டிக்கொள்வதுண்டு. எந்த வண்டியானாலும் இந்தக் கயிற்றின் சுவிட்சை ஒயர் போட்டுத் தாண்டிவிடாதீர்கள். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்ததும் என்ஜினை நிறுத்த அது ஒன்றுதான் இருக்கிறது.

பட்டனை விட்ட பிறகும் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏன்?

ரிலேயின் முனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டன. பேட்டரி தளர்ந்திருக்கும்போது ரிலே 'டடடட' என்று துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே தீப்பொறி. நெகட்டிவ் கேபிளை உடனே கழற்றுங்கள். ரிலேயை மாற்றுவதோடு நிறுத்தாமல் பேட்டரியையும் சோதியுங்கள். இல்லையென்றால் புது ரிலேக்கும் அதே கதிதான்.

காலையில் முழு சார்ஜ். கரையோரம் மெதுவாக ஓட்டி, நிறுத்தி நிறுத்தி எடுக்கிறோம். மதியத்துக்குள் பேட்டரி படுத்துவிடுகிறது.

உங்கள் பயன்பாடே பாதிக் காரணமாக இருக்கலாம். இந்த என்ஜின்களில் ஃபிளைவீல் காந்தமும் ஸ்டேட்டர் சுருளும்தான் மின்சாரம் தருகின்றன. ஐடிலில் கிடைப்பது சொற்பம். வாடகை வண்டிகளில் இது அதிகம்.

கோளாறா என்று பார்க்க, டிரெய்லரோடு தண்ணீரில் இறக்கி இறுகக் கட்டுங்கள். கீழே மணலை உறிஞ்சாத ஆழம் வேண்டும். ஹோஸ் மாட்டிக் கரையில் ஓட்டுவதானால் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். பல மாடல்களில் தண்டைச் சுற்றியுள்ள கார்பன் வளையம் நீர்க் குளிர்ச்சி இல்லாமல் கெட்டுவிடும். என்ஜினை எடுத்த பிறகே குழாயைத் திறக்க வேண்டும், குழாயை மூடிய பிறகே என்ஜினை அணைக்க வேண்டும். 3,500 ஆர்பிஎம் அளவில் பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வந்தால் சார்ஜிங் நலம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் (சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகம்) போய்விட்டது. பேட்டரியைக் கொதிக்க வைக்கும்.

வோல்ட் ஏறவே இல்லையா? ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று ஒயர் கனெக்டரைக் கழற்றி, என்ஜின் ஓடும்போது இரண்டிரண்டாக ஏசி வோல்ட் அளந்து பாருங்கள். மூன்று ஜோடியும் ஒரே அளவில் இருந்து, ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஏற வேண்டும். ஒரு ஜோடி மட்டும் குறைந்தாலோ, என்ஜினை அணைத்துவிட்டு அளக்கும்போது எந்த ஒயராவது என்ஜின் பிளாக்கோடு தொடர்பு காட்டினாலோ, ஸ்டேட்டரை மாற்ற வேண்டும். மூன்றும் சமம் என்றால் ரெகுலேட்டர், அல்லது அதற்கும் பேட்டரிக்கும் இடையிலுள்ள ஃபியூஸும் கனெக்டரும். கனெக்டரை முதலில் பாருங்கள். உருகிப் பழுப்பேறிய பிளாஸ்டிக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

சில வாரம் நிறுத்தி வைத்தால் பேட்டரி காலி. அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் ஒன்று தனியாகப் போட்டிருக்கிறோம்.

நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, குமிழுக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாட்டுங்கள். பட்டனைத் தொட வேண்டாம், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். பத்து நிமிடம் பொறுத்துப் படியுங்கள். 20 மில்லியாம்பியர் கசிந்தாலே ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-அவர். 20 ஆம்பியர்-அவர் பேட்டரி நாற்பது நாளில் காலி. அதைவிட அதிகம் காட்டினால் பம்பின் ஒயரைத் துண்டித்துப் பாருங்கள். பம்பின் மிதவை சுவிட்ச் ஒட்டிக்கொள்வதும், தண்ணீரில் கிடக்கும் ஒயர் இணைப்பு வழியே கசிவதும்தான் வழக்கம். இன்சுலேஷன் டேப் அங்கே உதவாது. உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு, இணைப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே கட்டுங்கள்.

கடலில் கவிழ்ந்து என்ஜினுக்குள் தண்ணீர் போனது. இப்போது ஃபியூஸ் போட்டதும் எரிகிறது.

பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டாம். அடுத்து எரிவது ஒயர்தான்.

ஃபியூஸைத் தேடும் முன் என்ஜினைக் காப்பாற்றுங்கள், உப்பு நீர் சில மணி நேரத்திலேயே துருவைத் தொடங்கிவிடும். இக்னிஷன் காயிலின் (பிளக்குக்குத் தீப்பொறி தரும் சுருள்) கனெக்டர்களைக் கழற்றி, பிளக்குகளை எடுத்துவிடுங்கள். ஃபியூஸ் பிரச்சினையால் பட்டன் வேலை செய்யாவிட்டால் அன்றே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். வேலை செய்தால் சில விநாடிகள் சுற்றவிட்டுத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் மாற்றுங்கள், தெளியும்வரை.

பிறகு ஃபியூஸ். எரிந்த ஃபியூஸின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, கார் இண்டிகேட்டரில் வரும் 12 வோல்ட் 21 வாட் பல்பை ஒயரோடு மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும். அந்த ஃபியூஸ் ஊட்டும் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது பல்ப் மங்குகிறதோ, அந்தக் கிளையில்தான் தண்ணீர் நிற்கிறது. கனெக்டரை நல்ல தண்ணீரில் அலசி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாக உலர்த்துங்கள்.

என்ஜின் அறையைப் பிரஷர் வாஷரில் கழுவலாமா? கனெக்டருக்கு எந்த கிரீஸ்?

பிரஷர் வேண்டாம். அந்த வேகத்தில் தண்ணீர் கனெக்டரின் ரப்பர் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும். ஹோஸில் மெல்லிய நீரோட்டம் போதும். கனெக்டருக்கு மின்காப்பு சிலிக்கான் கிரீஸ்: சீலிலும் பின்னிலும் மெல்லிய பூச்சு மட்டும். பேட்டரி முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, இறுக்கிய பிறகே வெளியே வாஸ்லின் தடவுங்கள்.