சின்னக் குழுவுக்கு எந்த ஃபோரம் சரிப்படும்?

கேள்வி: பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுதுபார்க்கிற எண்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். யாராவது ஷட்டர் பற்றி அருமையாக எழுதினால் நாலே நாளில் அது எங்கோ மேலே போய்விடுகிறது, அதே கேள்வியை இன்னொருவர் மறுபடி கேட்கிறார். சொந்தமாக ஃபோரம் வைக்கப் போகிறோம். அதற்கான மென்பொருளாக டிஸ்கோர்ஸ், பிஎச்பிபிபி, ஃபிளாரம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்: நல்ல முடிவு, தள்ளிப்போடாதீர்கள். ஆனால் எந்த மென்பொருள் என்பதற்கு முன்னால், அதை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்பதை முடிவு செய்யுங்கள். சர்வரில் கைவைக்கத் தெரிந்த ஒருவர் உங்களில் இருந்து, இரண்டு வருடம் கழித்தும் அவர் கூடவே இருப்பார் என்றால் டிஸ்கோர்ஸ்தான் என் தேர்வு. போனிலிருந்து படம் போடுவது சுலபம், தேடல் நன்றாக வேலை செய்யும், புதிதாகச் சேர்ந்தவர் எடுத்த எடுப்பில் லிங்குகளாகக் கொட்ட முடியாதபடி அதுவே கட்டுப்படுத்தும். ஆனால் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் வாடகை இடம்) அது ஓடாது, டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டி போல அடைத்து ஓட்டும் கருவி) போட்ட தனி சர்வர் வேண்டும், நினைவகம் 1 ஜிபி என்பது குறைந்தபட்சம்தான், 2 ஜிபி இருந்தால் நிம்மதி.

அப்படி ஆள் இல்லையா? பிஎச்பிபிபி எடுங்கள். 2000-ல் வந்தது, பார்க்கப் பழசாகத்தான் இருக்கும், ஆனால் பிஎச்பியும் (அது எழுதப்பட்ட நிரல் மொழி) மைஎஸ்க்யூஎல்லும் (பதிவுகளைச் சேமிக்கும் டேட்டாபேஸ்) உள்ள எந்த மலிவான ஹோஸ்டிங்கிலும் ஓடும், சிக்கல் வந்தால் உதவிக்கும் ஆள் கிடைக்கும். ஃபிளாரம் அழகு, வேகமும் உண்டு, ஆனால் பல வசதிகளுக்கு வெளியார் எழுதிய எக்ஸ்டென்ஷன்களை நம்ப வேண்டும், பெரிய அப்டேட் வரும்போது அவற்றில் சில பின்தங்கிவிடும்.

பலரும் கோட்டை விடுகிற இடம் மெயில். பதிவு செய்தவருக்குப் போகும் உறுதிப்படுத்தும் மெயில் ஸ்பாமுக்குப் போய்விட்டால் அவர் கொஞ்சம் பார்ப்பார், அப்புறம் வரவே மாட்டார், உங்களுக்கும் அது தெரியாது. சர்வரிலிருந்து நேராக அனுப்பாமல் (பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் மெயில் வெளியே போகும் வழியான 25-ஆம் போர்ட்டை அடைத்தே வைத்திருக்கின்றன) மெயில் அனுப்பும் சேவை ஒன்றைப் பிடித்து, உங்கள் டொமைனில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயில் உங்கள் பெயரில் வந்தது உண்மைதான் என்று காட்டும் அமைப்புகள்) இரண்டையும் சரியாகப் போட்டுவிட்டு, நாலைந்து வெவ்வேறு மெயில் முகவரிகளில் பதிவு செய்து பார்த்த பிறகே ஆட்களைக் கூப்பிடுங்கள்.

பேக்கப் விஷயத்தில் உங்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் உங்கள் விளக்கங்களில் பாதி படத்தில்தான் இருக்கும். பிஎச்பிபிபியில் டேட்டாபேஸை மட்டும் எடுத்து வைத்தால் எழுத்து இருக்கும், இணைத்த படங்கள் இருக்காது, அவை ‘ஃபைல்ஸ்’ என்ற ஃபோல்டரில் தனியாகக் கிடக்கின்றன, அதையும் சேர்த்து எடுங்கள். டிஸ்கோர்ஸில் நிர்வாகப் பக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இறக்கலாம். இலவசமாக இடம் தருகிற சேவை எதையாவது பார்த்தீர்களானால், முழுவதையும் இறக்கிக்கொள்ள வழி உண்டா என்று முதலில் கேளுங்கள். இலவசக் குழுச் சேவையான யாஹூ குரூப்ஸ் 2019 டிசம்பரில் பழைய பதிவுகளை எடுத்துவிட்டு, அடுத்த டிசம்பரில் மொத்தமாக மூடியபோது எத்தனையோ குழுக்களின் பல வருட உரையாடல் போய்விட்டது.

கேள்வி: ஸ்பாம் பதிவுகளைத் தடுக்க என்ன செய்வது?

பதில்: பிஎச்பிபிபி என்றால் பதிவுப் பக்கத்தில் உங்கள் சொந்தக் கேள்வியை வைக்க வசதி இருக்கிறது. “கேமராவில் ஒளி உள்ளே போகும் துளையின் அளவை மாற்றும் பாகம் எது?” என்று தமிழிலேயே கேளுங்கள், சரியான விடையின் எல்லா எழுத்து வடிவங்களையும் சேர்த்துவிடுங்கள். அதையும் தாண்டி வந்தால், புதியவரின் முதல் பதிவை நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே வெளியாகும்படி வைத்துக்கொள்ளலாம்.