கொதித்த வோர்ட் சீக்கிரம் ஆற: ஐஸைக் கடைசிக்கு வையுங்கள்

கேள்வி: வீட்டில் ஒரு தடவைக்கு 20 லிட்டர் பீர் காய்ச்சுகிறேன். அடுப்பை அணைத்ததும் பாத்திரத்தைப் பெரிய டப்பில் இறக்கி, சுற்றிலும் தண்ணீரும் ஐஸும் போடுகிறேன். அப்படியும் வோர்ட் (மால்ட் எனும் முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த, இன்னும் ஈஸ்ட் சேர்க்காத இனிப்புச் சாறு) 20 டிகிரிக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. குழாய்த் தண்ணீரே 28 டிகிரி இருக்கிறது. காப்பர் காயில் சில்லர் (வோர்ட்டுக்குள் இறக்கும், உள்ளே தண்ணீர் ஓடும் செம்புச் சுருள் குழாய்) வாங்கினால் சரியாகுமா, இல்லை பிளேட் சில்லருக்கே (அடுக்கிய தகடுகளுக்கிடையே வோர்ட்டும் தண்ணீரும் தனித்தனியே ஓடும் கருவி) போய்விடலாமா?

பதில்: காப்பர் காயில் வாங்குங்கள். பிளேட் சில்லர் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் எதையும் வாங்கும் முன்பே நீங்கள் மாற்ற வேண்டியவை இரண்டு: ஐஸ் போடும் நேரம், அப்புறம் கிளறுவது.

சூடு எவ்வளவு வேகமாக வெளியேறும் என்பது வோர்ட்டுக்கும் வெளியே உள்ள தண்ணீருக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்பதைப் பொறுத்தது. வோர்ட் 100 டிகிரியில் இருக்கும்போது உங்கள் 28 டிகிரி குழாய்த் தண்ணீரே 72 டிகிரி குறைவு. அதுவே தாராளமாகப் போதும். வோர்ட் 40 டிகிரிக்கு வந்துவிட்டால் வித்தியாசம் வெறும் 12. இறங்கும் வேகம் ஆறில் ஒரு பங்காகிவிடும். ஐஸ் வேலை செய்ய வேண்டிய இடம் இதுதான். நீங்களோ குழாய்த் தண்ணீர் சும்மா செய்திருக்கும் வேலைக்கு ஐஸைச் செலவழித்துவிட்டு, அது உண்மையில் தேவைப்படும்போது வெதுவெதுப்பான தண்ணீரை வைத்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள்.

கணக்கும் எளிதுதான். 1 லிட்டரை 1 டிகிரி இறக்க ஏறக்குறைய 1 கிலோகலோரி வெளியேற வேண்டும். 1 கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரி இழுக்கும். உருகிய தண்ணீர் 20 டிகிரி வரை சூடாகும்போது இன்னொரு 20. ஆக 100. 20 லிட்டர் வோர்ட்டை 100-லிருந்து 20 டிகிரிக்கு ஐஸை மட்டும் வைத்து இறக்க 16 கிலோ வேண்டும். 40-லிருந்து 20-க்கு இறக்க 4 கிலோ போதும். நடைமுறையில் பாத்திரமும் சுற்றியுள்ள காற்றும் கொஞ்சம் ஐஸைத் தின்றுவிடும் என்பதால் 5, 6 கிலோ கைவசம் இருக்கட்டும். முதலில் டப்புத் தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி 40 வரை இறக்குங்கள். அப்புறம் ஐஸைக் கொட்டுங்கள்.

கிளறுவதைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். அசையாத வோர்ட்டில் பாத்திரச் சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்குதான் ஆறும்; நடுப்பகுதி அப்படியே கொதிசூட்டில் நிற்கும். காயிலிலும் இதே கதைதான். தண்ணீர் வெளியேறும் முனையில் ஒரு தெர்மாமீட்டரைப் பிடித்துப் பாருங்கள். கிளறாமல் விட்டால் வெளிவரும் தண்ணீரின் சூடு மெல்லக் குறைந்துகொண்டே வரும். காயிலை மெதுவாக மேலும் கீழும் அசைத்ததும் சில நொடிகளில் எண் ஏறும். அத்தனை சூடும் வோர்ட்டிலிருந்து வெளியே போகிறது என்று அர்த்தம். காப்பரா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்ற விவாதத்தைவிட இந்த அசைவு முக்கியம். இரண்டு பாத்திரங்களுக்கிடையே மாற்றி மாற்றி ஊற்றி மட்டும் ஆற்றாதீர்கள். சூடான வோர்ட்டில் காற்று கலப்பது சுவைக்கு நல்லதில்லை. ஈஸ்ட்டுக்குத் தேவையான காற்றை ஆறிய பிறகு கலந்துகொள்ளலாம்.

காயிலைக் கொதியின் கடைசி 15 நிமிடம் வோர்ட்டுக்குள்ளேயே இறக்கி வைத்தால் அதுவே கிருமி நீக்கம். குழாய் இணைப்புகள் பாத்திரத்துக்கு வெளியே இருக்கட்டும். அங்கே கசியும் பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே விழக் கூடாது. முதலில் வெளிவரும் தண்ணீர் கையைப் பொசுக்கிவிடும், ஆகவே ட்யூபைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். 28 டிகிரி தண்ணீர் ஓடும் காயிலால் வோர்ட் 20-க்கு இறங்கவே இறங்காது. 40 வந்ததும் குழாயை நிறுத்திவிட்டு, ஐஸ் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டில் சின்ன சப்மெர்சிபிள் பம்பை மூழ்கவைத்துக் காயிலோடு இணைத்துவிடுங்கள். திரும்பி வரும் தண்ணீர் அதே பக்கெட்டில் விழட்டும். உங்கள் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

பிளேட் சில்லர் வேகமானதுதான். ஆனால் தகடுகளுக்கிடையே ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) துணுக்குகள் போய் அடைத்துக்கொள்ளும், திறந்து பார்க்கவும் முடியாது. சுத்தமாகிவிட்டதா என்று கண்ணால் பார்க்க முடியாத ஒரு கருவியை ஆரம்பத்திலேயே யாருக்கும் நான் சொல்வதில்லை. தவிர, 28 டிகிரி தண்ணீர் என்ற தடை அதற்கும் உண்டு.

வேகம் எதற்கு என்றும் தெரிந்திருப்பது நல்லது. பில்ஸ்னர் போன்ற வெளிர் மால்ட்டில் உள்ள ஒரு பொருளிலிருந்து, சுமார் 80 டிகிரிக்கு மேல் டிஎம்எஸ் (டைமெத்தில் சல்ஃபைடு) உண்டாகிக்கொண்டே இருக்கும். வேகவைத்த மக்காச்சோள வாசனை இதனால்தான். கொதிக்கும்போது ஆவியோடு போய்விடும், அடுப்பை அணைத்தபின் உள்ளேயே தங்கிவிடும். கடைசியில் போட்ட ஹாப்ஸும் அந்தச் சூட்டில் வாசனையை இழந்து கசப்பைக் கூட்டும். சட்டென்று ஆறினால் புரதங்கள் திரண்டு அடியில் படியும், பீர் தெளிவாக வரும். டிஎம்எஸ் வெளியேற வேண்டும் என்பதால் 80 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை மூடி வேண்டாம். 70-க்குக் கீழே வந்ததும் மூடிவிடுங்கள். காற்றில் வரும் கிருமிகள் இனி உயிர் பிழைக்கும். கிளறும் கரண்டியும் கிருமிநாசினியில் நனைத்ததாக இருக்கட்டும்.

மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (தயாராகக் கிடைக்கும் கெட்டியான மால்ட் சாறு அல்லது பொடி) வைத்துக் காய்ச்சுபவராக இருந்தால் இன்னும் சுலபம். 10 லிட்டர் மட்டும் கொதிக்கவைத்து 40 டிகிரிக்கு இறக்குங்கள். முந்தைய நாளே கொதிக்கவைத்து, மூடி, ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வைத்த 10 லிட்டர் தண்ணீரை அதில் சேர்த்தால் நேராக 22 டிகிரி. நிறம் சற்று அடர்த்தியாகும், கசப்பு கொஞ்சம் குறையும். கடை ஐஸை மட்டும் வோர்ட்டுக்குள் போட்டுவிடாதீர்கள். கொதிக்காத தண்ணீர் அது.

ஒருநாள் ஐஸ் தீர்ந்து 28-லேயே நின்றுவிட்டால், அந்தச் சூட்டில் ஈஸ்ட் போட்டுவிடாதீர்கள். காட்டமான ஆல்கஹால் நெடி வரும். கிருமி நீக்கிய நொதிகலனுக்கு மாற்றி, இறுக மூடி, குளிர்ந்த இடத்தில் இரவு வைத்துவிட்டுக் காலையில் 20 டிகிரி பார்த்து ஈஸ்ட் போடுங்கள். ஆனால் ஈஸ்ட் இல்லாமல் நாள்கணக்கில் விடக் கூடாது.