சிரமம் இல்லாத ஆசிரமமா?

கேள்வி: 'அ' என்றால் இல்லை, ஆகவே ஆசிரமம் என்றால் சிரமமே இல்லாத இடம் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். ஏசி அறை, மூலிகைக் குளியலோடு மூன்று நாள் 'ஆசிரம வாசம்' என்று விளம்பரங்களும் வருகின்றன. அந்த விளக்கம் சரிதானா? மடத்துக்கும் ஆசிரமத்துக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: கேட்க இனிக்கிறது. ஆனால் தப்பு. இல்லை என்று சொல்லும் முன்னொட்டு குறில்: அநீதி, அதர்மம், அசுத்தம். ஆசிரமத்தில் இருப்பது நெடில். இந்த 'ஆ' எதையும் மறுக்காது. மறுக்கும் என்றால் ஆதாரம் என்ற சொல்லுக்குத் 'தாரம் இல்லாதவன்' என்று பொருள் சொல்லி, ஆதார் அட்டையைப் பிரம்மச்சாரிகளுக்கு மட்டும் கொடுக்க வேண்டிவரும்.

சம்ஸ்கிருதத்தில் 'ச்ரம்' என்ற வினையடிக்குப் பாடுபடுதல், களைத்துப்போதல், தவத்தில் உடலை வருத்துதல் என்று பொருள். நாம் தினமும் சொல்லும் சிரமம் அதிலிருந்து வந்ததுதான். ஊர் கூடிக் கூலி வாங்காமல் குளம் தூர்வாருகிறார்களே, அந்தச் சிரமதானமும் அப்படியே. சிரமணர் என்பதுதான் தமிழில் சமணர் ஆயிற்று. இந்தக் குடும்பத்தில் பிறந்த ஆசிரமம் மட்டும் எப்படி ஓய்வு விடுதியாகும்? சொற்பொழிவாளர் சொன்னதற்கு நேர் எதிர்தான் சரி: பாடுபடும் இடம் அது.

இடத்தை மட்டுமல்ல, வாழும் முறையையும் இதே சொல்தான் குறிக்கிறது. பிரம்மசரியம், கிருகஸ்தம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்று நாலு ஆசிரமம். ஒன்று முடிந்து இன்னொன்று என்று படிப்படியாக ஏறுவது என்றே சொல்லிக்கொடுக்கப்பட்டோம். பழைய தர்மசூத்திரங்களைப் பார்த்தால் அவை படிகளே அல்ல. குருவிடம் படித்து முடித்தவன் ஏதாவது ஒன்றைத் தேர்ந்து ஆயுள் முழுக்க அதிலேயே இருக்கலாம். ஏணியாக அடுக்கியது மனுஸ்மிருதி போன்ற பிந்திய நூல்கள். எப்படியானாலும் இல்லறமும் ஓர் ஆசிரமம். பாத்திரம் தேய்த்துப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு 'ஆசிரம வாசம்' தேடிக் கிளம்புகிறவர், ஏற்கெனவே ஓர் ஆசிரமத்துக்குள்தான் நிற்கிறார்.

1915-இல் அகமதாபாத்தில் காந்தி தொடங்கிய ஆசிரமத்தில் கழிப்பறையைக் கழுவ வெளியாள் கிடையாது. இருப்பவர்களே கழுவ வேண்டும். திருவண்ணாமலையில் ரமணரைத் தரிசிக்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். அவரோ விடியும் முன்பே அடுக்களைக்குப் போய் காய் நறுக்கிக்கொண்டிருப்பார், சட்னி அரைப்பார். அங்கே சிரமப்படாதவர் யார் என்று தேடினால் வந்துபோகும் விருந்தாளிகளைத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது மடம். மடத்துக்குப் பீடம் உண்டு, பட்டம் உண்டு, பெரும்பாலும் நிலபுலனும் உண்டு. திருவாவடுதுறை, தருமபுரம் சைவ மடங்களில் மடாதிபதியான ஒரு சந்நிதானம் மறைந்தால் அடுத்தவர் பட்டம் ஏற்பார். ஆள் மாறினாலும் ஆதீனம் நிற்கும். ஆசிரமம் பெரும்பாலும் ஒரு மனிதரைச் சுற்றி முளைப்பது. 1922-இல் தாயார் அழகம்மாளின் சமாதிக்குப் பக்கத்தில் ரமணர் வந்து தங்கினார். குடிசை போட்டார்கள், ஆசிரமம் வளர்ந்தது. 1950-இல் அவர் மறைந்த பிறகு ரமணரின் இடத்தில் இன்னொரு குருவை யாரும் உட்காரவைக்கவில்லை. ஆசிரமம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்துக்கள் மட்டும் வைத்துக்கொள்ளும் பெயரும் இல்லை இது. குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் இருக்கும் சாந்திவனம், இரண்டு பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரியார்கள் 1950-இல் ஏற்படுத்திய ஆசிரமம். நம் சினிமாவில் கதாநாயகன் வளரும் 'அநாதை ஆசிரமம்' என்பதிலோ துறவும் இல்லை, தவமும் இல்லை. வெறும் இல்லம் என்ற பொருள்தான். வழக்கில் ஊன்றிவிட்டது, அதோடு எனக்குச் சண்டையில்லை. இலங்கைத் தமிழர் 'ஆச்சிரமம்' என்று எழுதுவார்கள், அதுவும் பிழையல்ல.

மூலிகைக் குளியலுக்குத் தாராளமாகப் போய்வாருங்கள். கிளம்பும்போது வீட்டில் விடுதிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.