அம்மாவுக்கு வியர்ப்பதில்லை: கவலைப்பட வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. வேலூரில் எங்களுடன் மாடி வீட்டில் இருக்கிறார். இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையோடு நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார். கத்திரி வெயிலில் நாங்கள் வியர்வையில் நனையும்போதும், "எனக்கு ஒன்றும் புழுக்கமாக இல்லையே" என்று மின்விசிறியை நிறுத்திவிடுகிறார். அவர் உடல் வெயிலுக்குப் பழகிவிட்டதாக எடுத்துக்கொள்ளலாமா? (வாசகி, வேலூர்)

பதில்: தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். வெயிலுக்குப் பழகிய உடல் முன்னதாகவே வியர்க்கத் தொடங்கும், கூடுதலாகவும் வியர்க்கும். உங்கள் அம்மாவிடம் நீங்கள் காண்பது இதற்கு நேர்மாறானது.

உடலுக்குள் சேரும் வெப்பத்தை இரத்தம்தான் தோலுக்குக் கொண்டுவருகிறது. சாதாரண நேரத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாகத் தோலுக்குச் செல்லும் இரத்தம், கடும் வெப்பத்தில், ஆரோக்கியமான இளம் வயதினருக்கு 6 முதல் 8 லிட்டர் வரை உயரக்கூடும். வயதாக ஆகத் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடு குறைந்துவிடுவதாலும், இதயத்தால் முன்போல் கூடுதல் இரத்தத்தை அனுப்ப முடியாததாலும், அந்த உயர்வு வெகுவாகக் குறைகிறது. வியர்வைச் சுரப்பிகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. ஒவ்வொரு சுரப்பியும் தாமதமாகவும் குறைவாகவும் சுரக்கிறது. இந்தக் குறைவு பெரும்பாலும் கால்களில் தொடங்கி, நெற்றிக்குக் கடைசியாகவே வருவதால், நெற்றி ஈரமாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடவும் கூடாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது, வெப்பத்தையும் தாகத்தையும் உணரும் திறனும் கூடவே மங்குவதுதான். அம்மா உண்மையைத்தான் சொல்கிறார். அவருக்குப் புழுக்கம் தெரியவில்லை. 2003-இல் பிரான்சைத் தாக்கிய வெப்ப அலையில் இறந்த சுமார் 15,000 பேரில் மிகப் பெரும்பாலோர் முதியவர்களே.

ஆகவே அவர் சொல்லை வைத்து முடிவு செய்யாமல், அறையில் ஒரு வெப்பமானியை மாட்டிவைத்து, அது காட்டுவதை வைத்து முடிவு செய்யுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழுள்ள அறை இரவிலும் அனலாக இருக்குமென்பதால், கோடை முடியும்வரை அவரைக் கீழ்த்தளத்தில் படுக்கவையுங்கள். அறைக்காற்று உடலைவிடச் சூடாக இருக்கும்போது மின்விசிறி மட்டும் போதாது; சுரக்காத வியர்வைக்கு ஈடாகக் கை, கால், கழுத்தை ஈரத்துணியால் அடிக்கடி துடைத்துவிட்டு, அதன்பின் காற்று படச் செய்யுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது தண்ணீர் கொடுங்கள். ஆனால் இதய, சிறுநீரக நோயாளிகள் சிலருக்குத் தண்ணீருக்கும் அளவு உண்டு. நீர் மாத்திரையின் அளவைக் கோடையில் மாற்ற வேண்டியிருக்கலாம். இரண்டையும் மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

உடல் கொதித்து, பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் தடுமாறினாலோ, அது வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். உடனே 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.