எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யாமல் ஒரு நாட்டில் எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. என்று எப்படிச் சொல்கிறார்கள்? அதை வைத்து என்ன செய்கிறார்கள்?

இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்வதாக அரசு சொல்வது தலை எண்ணிச் சொன்ன கணக்கு இல்லை. அது மதிப்பீடு. அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையங்களான நம்பிக்கை மையங்களில் பாசிட்டிவ் (தொற்று உண்டு) என்று பதிவானவர்களை மட்டும் கூட்டினால், இன்னும் பரிசோதனைக்கே வராதவர்கள் விட்டுப்போவார்கள். நோய்த்தொற்றியலில் பாதி வேலை அந்த விட்டுப்போனவர்களைக் கணிப்பதுதான்.

இந்தியாவில் அதற்கு அடித்தளம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமான நேகோ 1998 முதல் நடத்தும் காவல் கண்காணிப்பு, அதாவது சில இடங்களை மட்டும் தேர்ந்து தொடர்ந்து பார்த்து நாட்டின் போக்கைக் கணிப்பது. குறிப்பிட்ட மகப்பேறு மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுத்து, சுமார் மூன்று மாத காலத்துக்குள் முதன்முறை பரிசோதனைக்கு வரும் 15 முதல் 49 வயதுக் கர்ப்பிணிகள் 400 பேரின் ரத்த மாதிரியைச் சேர்ப்பார்கள். பாலியல் தொழிலாளர்கள், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், ஊசி வழியாகப் போதை எடுப்பவர்கள் போன்ற பிரிவுகளுக்கு ஒரு மையத்துக்கு 250 மாதிரி. கர்ப்பிணிகள் ஏன் என்றால், உடலுறவு வாழ்க்கையில் இருக்கும் பொது மக்களில் எப்படியும் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் அவர்கள்தான்.

நீண்ட காலம் கையாண்ட முறை இது: சிபிலிஸ் என்ற பால்வினை நோய்ப் பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தில் மிஞ்சிய சீரத்தைத் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) தனிக் குழாயில் ஊற்றுவார்கள். பெயர் போய்விடும். வயது, படிப்பு, எத்தனையாவது பிரசவம், கணவரின் தொழில், அவர் வெளியூரில் வேலை பார்க்கிறாரா போன்ற விவரங்கள் மட்டும் ஓர் எண்ணோடு போகும். முடிவு யாருடையது என்று ஆய்வகத்துக்கும் தெரியாது. இங்கே கெடுவது பெரும்பாலும் வரிசைதான். வருகிற தகுதியுள்ளவர்களை ஒருவர் விடாமல் வரிசையாக எடுக்க வேண்டும். ஊழியர் ‘சந்தேகமானவர்’ என்று பொறுக்கினாலோ, இரண்டாம் முறை வந்தவரைச் சேர்த்து 400-ஐ நிரப்பினாலோ அந்த மையத்தின் எண் வீண்.

400 பேரில் 4 பேருக்குத் தொற்று இருந்தால் 1 சதவீதம். ஆனால் உண்மை விகிதம் 0.3-லிருந்து 2.5 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். அதனால் ஒரு மையத்தின் ஓராண்டு எண்ணை வைத்து ‘எங்கள் மாவட்டத்தில் இரட்டிப்பானது’ என்று செய்தி போடுவது பெரும் தவறு. பல மையங்களைச் சேர்த்து, பல சுற்றுகளின் போக்கைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தும் இந்தியா ஒருமுறை பெரிதாகப் பிசகியது. 2005 வரை மதிப்பீடு 52 லட்சத்தைத் தொட்டது. 2007 ஜூலையில் அது சுமார் 25 லட்சமாகத் திருத்தப்பட்டது. 2005-06 தேசியக் குடும்ப நல ஆய்வில் வீடு வீடாகப் போய் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்ததில் விகிதம் 0.28 சதவீதம்தான் வந்தது. முந்தைய கணக்கு பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளை நம்பியிருந்தது. அங்கே ஏழைகள் அதிகம் வருகிறார்கள். தென் மாநிலங்களில் மற்ற இடங்களில் பாசிட்டிவ் என்று தெரிந்த பெண்களையும் பெரிய அரசு மருத்துவமனைக்கே அனுப்பிவிடுவார்கள். இதே அளவுக்கு நோய் குறைந்துவிட்டதாகச் சிலர் அப்போது எடுத்துக்கொண்டார்கள். திருந்தியது கணக்குதான். வீட்டு ஆய்விலும் ஓட்டை உண்டு: சாலையில் இருக்கும் லாரி ஓட்டுநர், விடுதியில் இருப்பவர், சிறையில் இருப்பவர் வீட்டுக் கதவைத் தட்டினால் கிடைக்க மாட்டார்கள். ஆகவே மருத்துவமனைக் கண்காணிப்பு, வீட்டு ஆய்வு இரண்டையும் கணினிக் கணக்கீட்டில் சேர்த்து, இறப்பையும் சிகிச்சையையும் கணக்கில் எடுத்துத்தான் இன்றைய எண் வருகிறது.

ஐ.நா. வைத்த 95-95-95 இலக்கைப் (தம் நிலை தெரிவது, சிகிச்சை பெறுவது, வைரஸ் கட்டுப்படுவது) படிக்கும்போது இதை மறக்கக் கூடாது. தொற்றுள்ளவர்களில் 95 சதவீதத்தினருக்குத் தம் நிலை தெரிய வேண்டும் என்பது முதல் 95. வகுக்கும் எண் அதே மதிப்பீடுதான். மதிப்பீடு குறைந்தால், புதிதாக ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்காமலே சதவீதம் ஏறிவிடும். அதேபோல மொத்த எண்ணிக்கை கூடுவது எப்போதும் கெட்ட செய்தி இல்லை. மருந்தால் மக்கள் சாகாமல் வாழ்ந்தாலும் அது கூடும். புதுத் தொற்றும் இறப்பும் குறைகிறதா என்று பாருங்கள்.

தனி ஒருவரின் பரிசோதனைக்கு விதி வேறு. கண்காணிப்புக்கு இரண்டு சோதனை போதும். அறிகுறி இல்லாத ஒருவரிடம் ‘உங்களுக்குத் தொற்று உண்டு’ என்று சொல்ல மூன்று வெவ்வேறு கிட்டுகளும் பாசிட்டிவ் காட்ட வேண்டும். ஆயிரத்துக்கு 2 பேருக்குத் தொற்று உள்ள இடத்தில் ஒரு லட்சம் பேரைப் பரிசோதிக்கிறோம். தொற்றில்லாத ஆயிரம் பேரில் ஐந்து பேருக்கு கிட் தப்பாக பாசிட்டிவ் காட்டும் என்று வையுங்கள். உண்மையான 200 பேரோடு தொற்றே இல்லாத சுமார் 500 பேர் மாட்டுவார்கள். ஒரே கிட்டை நம்பி முடிவு சொல்லும் தனியார் லேபில் பாசிட்டிவ் வந்தால், நம்பிக்கை மையத்தில் மறுபடி பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பிறந்த குழந்தைக்கு இந்தக் கிட்டுகள் உதவா. தாயின் எதிர்ப்புப் புரதம் 18 மாதம் வரை குழந்தையின் ரத்தத்தில் இருக்கலாம். எனவே ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி, வடிதாள் அட்டையின் வட்டங்களை ரத்தத்தால் நிரப்பி, வெயில் படாமல் குறைந்தது நான்கு மணி நேரம் உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு பையில் போட்டு, வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். உலரும் முன் மூடினால் மாதிரி கெடும், திரும்பக் கேட்பார்கள், அதற்குள் வாரங்கள் போய்விடும். சிகிச்சை இல்லாமல் விட்டால் தொற்றுள்ள குழந்தைகளில் பலர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை என்பதால் அந்த வாரங்கள் பெரிது.

பாசிட்டிவ் உறுதியானால் சி.டி.4 (நோய் எதிர்ப்பு வெள்ளணு) எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் சிகிச்சை என்பது 2017 முதல் இந்தியாவின் கொள்கை. இப்போது பெரியவர்களில் பெரும்பாலோருக்கு டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரை, நாளுக்கு ஒன்று, ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தில் இலவசம். ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம், பிறகு ஆண்டுக்கொருமுறை வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு, பார்ப்பார்கள். மில்லிலிட்டருக்கு 1000-க்கு மேல் வந்தால் உடனே மருந்தை மாற்ற மாட்டார்கள். முதலில் மாத்திரை விட்டுப்போகிறதா என்று விசாரித்து, ஆலோசனை தந்து, சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். ஆள் கைவிட்டுப் போவது பெரும்பாலும் வேலைக்காக ஊர் மாறும்போதுதான். மாறுவதற்கு முன் மையத்தில் மாற்றுக் கடிதம் வாங்கிக்கொண்டால் மருந்து அறுபடாது.

எண்ணைச் செயலாக்கியதற்கு என் கண்ணில் சிறந்த உதாரணம் தாய்லாந்து. 1989-ல் முதல் சுற்றுக் கண்காணிப்பிலேயே வடக்கு நகரமான சியாங் மாயில் விடுதிப் பாலியல் தொழிலாளர்களில் 44 சதவீதத்தினருக்குத் தொற்று தெரிந்தது. 1991-ல் ஆணுறை இல்லையேல் சேவை இல்லை என்ற விதியை நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். விதி நடக்கிறதா என்று பார்க்க ஒரு வழி வைத்திருந்தார்கள்: பால்வினை நோயோடு வரும் ஆணிடம் எந்த விடுதிக்குப் போனாய் என்று கேட்டு, அந்த விடுதியை நேரே போய்ப் பார்த்தார்கள். குலுக்கல் மூலம் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட இளைஞர்களின் ரத்தம் பலனைக் காட்டியது. 1993 வாக்கில் 4 சதவீதம் அளவுக்கு ஏறிய விகிதம் பிறகு இறங்கியது.

இந்தியாவில் 2017 எச்.ஐ.வி./எய்ட்ஸ் சட்டப்படி, பெயரில்லாக் கண்காணிப்பு போன்ற சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதமில்லாமல் பரிசோதிக்கவோ முடிவை வெளியில் சொல்லவோ கூடாது. இந்த உறுதி இல்லாவிட்டால் ஆட்களும் வரமாட்டார்கள், கணக்கும் நிற்காது. பரிசோதனை எங்கே என்று தெரியாவிட்டால் 1097-ஐ அழையுங்கள், இலவசம்.