ஃபோக்ஸ்வேகன் பசாட் எப்படி உருவானது?

பசாட் என்பது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் 1973இல் அறிமுகப்படுத்திய நடுத்தர அளவுக் குடும்பக் கார்; பெட்டி படுக்கையோடு ஐவர் நெடுந்தூரம் போய்வர ஏற்றது. வியாபாரக் காற்றைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லே அதன் பெயர்.

அது பிறக்கக் காரணம் அந்நிறுவனத்தின் பழைய சிறிய காரான பீட்டில்தான். எஞ்சினைப் பின்புறம் வைத்துக் காற்றால் குளிரச் செய்யும் பீட்டிலின் அமைப்பையே பெரிய கார்களுக்கும் பயன்படுத்திவந்த நிறுவனம், அந்த முறை காலாவதியானதை உணர்ந்து, தன் குழுமத்தின் ஆடி 80 காரின் முன்புற எஞ்சின், நீர்க்குளிர்விப்பு, முன்சக்கர இயக்கம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, இத்தாலியரான ஜார்ஜெட்டோ ஜுஜாரோவைக் கொண்டு சரிந்த பின்புறத்தை வடிவமைத்தது. ஒரே மாவில் காலையில் இட்லியும் இரவில் தோசையும் வார்ப்பது போலத்தான் இது.

ஆடியுடனான இந்த உறவு ஒரே சீராக நீடிக்கவில்லை. 1988இல் வந்த மூன்றாம் தலைமுறையில் ஆடியின் அமைப்பை விட்டு எஞ்சின் குறுக்குவாட்டில் திரும்பியது. முகப்பில் காற்று புகும் கம்பித்தட்டியான கிரில்லும் இல்லாததால், மூக்கில்லாத முகம் போல அது தோன்றும். 1996இல் ஆடி ஏ4 காரோடு உறவாகி எஞ்சின் மீண்டும் நெடுக்குவாட்டுக்கு வந்தது. 2005இல் மறுபடி குறுக்குவாட்டுக்குப் போயிற்று. என் பார்வையில், 1996ஆம் ஆண்டு வடிவமே இவற்றுள் மிக நேர்த்தியானது.

பசாட் ஐரோப்பாவில் நின்றேவிட்டது என்று பலர் நினைப்பது தவறு: அங்கு நின்றது, பின்னால் தனிச் சாமான் பெட்டி கொண்ட செடான் வடிவம் மட்டுமே; 2023இல் வெளியிடப்பட்ட ஒன்பதாம் தலைமுறை, பின்புறம் நீண்ட எஸ்டேட் வடிவில் வருகிறது.