இரண்டு பஸ் ஏன் சேர்ந்தே வருகிறது? பேராசிரியரிடம் கேட்டவை

கேள்வி: சார், 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்கிறார்கள். எப்போது போனாலும் காத்துத்தான் கிடக்கிறேன். வந்தால் இரண்டு ஒட்டிக்கொண்டு வருகின்றன. என் ராசியா?

பதில்: ராசி இல்லை, கணக்கு. ஒரு பஸ் சற்றுத் தாமதமானால் நிறுத்தத்தில் கூட்டம் சேரும். ஏற்றி இறக்க நேரம் பிடிப்பதால் தாமதம் இன்னும் கூடும். பின்னால் வருவதற்கு ஆள் குறைவு, அது விறுவிறுவென்று வந்து முன்னதைப் பிடித்துவிடும்.

இடைவெளி 2 நிமிடம், 18 நிமிடம் என்று மாறி மாறி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 10தான், யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு 20 நிமிடத்திலும் 18 நிமிடம் அந்த நீண்ட இடைவெளிக்கே போய்விடுகிறது. நினைத்த நேரத்தில் வந்து நின்றால் பத்துக்கு ஒன்பது தடவை அதில்தான் மாட்டுவீர்கள். பஸ் சீராக வந்தால் சராசரி காத்திருப்பு 5 நிமிடம், இப்படி வந்தால் 8.2 நிமிடம். பஸ் விடுபவர்கள் எண்ணுவது பஸ்ஸை, நீங்கள் எண்ணுவது நிமிடத்தை. எந்தத் தரவு கைக்கு வந்தாலும், எண்ணியவர் எங்கே நின்று எண்ணினார் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: என் நண்பர்களுக்கு என்னைவிட நண்பர்கள் அதிகம். என்னிடம் ஏதும் குறையா?

பதில்: அதே பஸ் கணக்குதான். நிறைய நண்பர்கள் உள்ளவர் நிறையப் பேரின் பட்டியலில் இருப்பார், உங்கள் பட்டியலிலும். சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட் 1991இல் இதை எழுதிவிட்டார். நிம்மதியாகத் தூங்குங்கள்.

கேள்வி: விபத்தும் இல்லை, சிக்னலும் இல்லை. நெரிசல் எங்கிருந்து வருகிறது?

பதில்: ஜப்பானில் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, சீரான வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். 2008இல் வெளியான ஆய்வு. கொஞ்ச நேரத்தில் நெரிசல் தானாக உண்டானது. கார்கள் முன்னே போக, நெரிசல் மட்டும் பின்னோக்கி நகர்ந்தது! ஒருவர் லேசாக பிரேக் போட்டால் அடுத்தவர் கொஞ்சம் கூடுதலாகப் போடுவார், அவ்வளவுதான். இதைப் படித்த பிறகு நான் ஹாரன் அடிப்பது குறைந்திருக்கிறது. நிற்கவில்லை.

கேள்வி: எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறதென்றால், ஒரு மாதம் கழித்து இன்ன நாளில் மழை என்று இப்போதே கணித்துவிடலாமா?

பதில்: முடியாது. 1961இல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் தன் வானிலைக் கணக்கைக் கணினியில் மறுபடி ஓட்டும்போது 0.506127க்குப் பதில் 0.506 என்று கொடுத்தார். கொஞ்ச தூரத்தில் கணினி காட்டிய வானிலையே வேறாகிவிட்டது. தொடக்கத்தில் இத்தனை சிறிய வித்தியாசமே போதும், ஒரு மாதக் கணிப்பு கவிழ்ந்துவிடும்.

கேள்வி: சரி, இவ்வளவும் தெரிந்துகொண்டால் என் பஸ் சீக்கிரம் வருமா?

பதில்: வராது. ஆனால் இரண்டு சேர்ந்து வந்தால் பின்னால் வருவதில் ஏறுங்கள். உட்கார இடம் கிடைக்கும்.